தேவைக்கு மேல் பணம் இருந்தால் மகிழ்ச்சி கூடுமா?

கேள்வி: "ஆண்டுக்கு 75,000 டாலர் வரைதான் பணம் மகிழ்ச்சி தரும், அதற்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லை என்று நோபல் பரிசு பெற்றவரே சொல்லியிருக்கிறாராம். இதைச் சொல்லியே என் மகன் கூடுதல் சம்பளத்துடன் வந்த வேலையை வேண்டாம் என்கிறான். இது உண்மையா?" - ஒரு வாசகி, கரூர்.

பதில்: நல்ல சம்பளத்தை மறுக்கவும் ஆதாரத்தோடு பேசும் பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள், பாராட்டுகள். அவர் சொல்லும் ஆய்வு உண்மையிலேயே நடந்ததுதான். ஆனால் அதில் பாதிதான் ஊருக்குள் பரவியிருக்கிறது.

டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்கர்களிடம் திரட்டிய சுமார் 4,50,000 பதில்களை வைத்து இரண்டு விஷயங்களைப் பார்த்தார்கள். ஒன்று வாழ்க்கை மதிப்பீடு, அதாவது மொத்தத்தில் நம் வாழ்க்கைக்கு நாமே போடும் மார்க். மற்றொன்று அன்றாட உணர்வு, அதாவது நேற்று சிரித்தோமா, கவலைப்பட்டோமா என்பது. 75,000 டாலர் வாக்கில் நின்றுபோனது இரண்டாவது மட்டுமே. முதலாவது, வருமானத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அந்த இரண்டாவதும் உண்மையில் நிற்கவில்லை என்று 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் காட்டினார். வேலையில் இருக்கும் 33,391 அமெரிக்கர்களின் செல்போனுக்கு, நாளின் பல வேளைகளில், "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்ற கேள்வி போனது. வந்த பதில்கள் 17 லட்சத்துக்கும் மேல். 75,000 டாலரைத் தாண்டியும் மகிழ்ச்சி ஏறியது.

பிறகு கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு, சேர்ந்தே ஆராய்ந்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. பழைய ஆய்வின் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். பாஸ், ஃபெயில் மட்டும் போடும் பரீட்சையில் 60 வாங்கியவருக்கும் 95 வாங்கியவருக்கும் வித்தியாசம் தெரியாது அல்லவா? அப்படித்தான், துயரத்தின் அளவுகளை அது பிடித்தது. மகிழ்ச்சியின் அளவுகளைப் பிடிக்கவில்லை. பதில் சொன்னவர்களில் மிகவும் மகிழ்ச்சி குறைந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும், சுமார் ஒரு லட்சம் டாலர் வருமானத்துக்கு மேல் ஏற்றம் நின்றது. வாடகை, மருத்துவச் செலவு போன்ற கவலைகளைப் பணம் தீர்க்கும். மரணம், பிரிவு, மனச்சோர்வு தரும் துயரத்தை அது தொடுவதில்லை. மற்றவர்களுக்கு ஏற்றம் தொடர்ந்தது.

அப்படியானால் கோடீஸ்வரர்கள் ஏன் ஆனந்தத்தில் மிதக்கவில்லை? ஏற்றம் மடக்கைக் கணக்கில் நடக்கிறது. அதாவது, எத்தனை ரூபாய் கூடியது என்பதல்ல, எத்தனை மடங்கு கூடியது என்பதே கணக்கு. மாதம் 20,000 ரூபாய் வாங்குபவருக்கு 40,000 ஆவதும், 2 லட்சம் வாங்குபவருக்கு 4 லட்சம் ஆவதும் ஏறக்குறைய ஒரே அளவு மகிழ்ச்சி. 2 லட்சக்காரருக்கு 20,000 கூடினால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

அந்த ஏற்றமும் சிறியதுதான். வருமானம் நான்கு மடங்கு வித்தியாசப்படுவதால் மனநிலையில் வரும் மாற்றம், ஒரு தலைவலியால் வரும் மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 2023 ஆய்வு கணக்கிட்டது!

சரி, பணம் எதன் வழியாக இந்தக் கொஞ்சத்தையாவது தருகிறது? பொருள் வாங்குவதால் என்று நினைப்போம். கில்லிங்ஸ்வொர்த் 2021-இல் கண்டது வேறு: வருமானத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பில் 74 சதவீதத்தை, 'என் வாழ்க்கை என் கையில் இருக்கிறது' என்ற உணர்வு ஒன்றே விளக்கிவிடுகிறது. பிடிக்காத வேலையை விடவும், அவசரத்துக்குக் கடன் கேட்காமல் இருக்கவும் முடிவதுதான் அந்த உணர்வு.

ஆகவே மகனிடம் 75,000 டாலரை மறந்துவிடச் சொல்லுங்கள். இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: புதுச் சம்பளம் இப்போதையதைவிட எத்தனை மடங்கு? அந்த வேலையில் அவருடைய நேரம் அவர் கையில் இருக்குமா? பத்து சதவீத உயர்வுக்காக ஞாயிற்றுக்கிழமையையும் விற்க வேண்டியிருந்தால், மறுத்தது சரிதான். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு.