மலையிலிருந்து கடலுக்கு: எந்த மாதம், எந்தக் கரை?

எங்கள் மலைத்தோட்டப் பக்கத்தில் கடலுக்குப் போவதென்றால் மாதக்கணக்கில் சீட்டுக் கட்டி, நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போவதுதான். அப்படிச் சேர்த்த காசு தப்பான மாதத்தில் வீணாகக் கூடாது. ஒரு ஜூலையில் தென்கரைக்குப் போனோம். சிவப்புக் கொடி, ஆள் உயர அலை. பிள்ளைகள் கால்கூட நனைக்காமல் அழுதுகொண்டே வேனில் ஏறினார்கள். அன்றிலிருந்து காற்றைப் பார்க்காமல் நான் நாள் குறிப்பதில்லை.

1. லயத்துக் கூரையில் மழை கொட்டினால் கிழக்கே போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாவை நனைக்கிறது. நீர்கொழும்பு முதல் மாத்தறை வரை கடலைக் கொந்தளிக்க வைப்பதும் அதே காற்றுதான். மலையில் மழையை இறக்கிவிட்டுக் கிழக்குப் பக்கம் வறண்டு இறங்கும்போது அதற்குப் பெயர் கச்சான் காற்று. அப்போது கிழக்குக் கடல் குளம் போலக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசத் தொடங்கினால் கிழக்குக் கரை கொந்தளிக்கும். மேற்கும் தெற்கும் மெல்ல அடங்கும்.

2. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ. சின்னப் பிள்ளைகள் இருந்தால் வளைகுடாவாக அமைந்த உனவட்டுன நல்லது. வேன் கட்டுப்படியாகாதவர்கள் ரயிலில் கொழும்பு கோட்டைக்கு இறங்கி, அங்கிருந்து காலி ரயிலில் ஏறலாம். தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வெள்ளவத்தை தாண்டியும் கடல் கூடவே வரும். கடலைக் காணாத பிள்ளைக்கு அதுவே பாதிப் பயணம். ஒரு கவனம்: டிசம்பர் போயாவில் தொடங்கும் சிவனொளிபாத மலைப் பருவம் வெசாக் வரை நீளும். வார இறுதியில் ஹட்டன் நிலையமும் வீதியும் நெரியும். நடு வாரத்துப் பொது விடுமுறையைத் தேர்ந்தெடுங்கள்.

3. ஏப்ரல் நுவரெலியாவுக்குச் சீசன். சமவெளியிலிருந்து வாகனங்கள் மேலே ஏறும் நேரத்தில் நாம் இறங்கினால் எதிர்ப்பக்கம்தான் நெரிசல். ஆனால் அந்த மாதத்தில் வேன் வாடகை கூடும். முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

4. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கு. நீச்சல் தெரியாத நமக்கு நான் முதலில் சொல்வது பாசிக்குடா. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் அங்கே உண்டு. நுவரெலியா வழியாகப் போகும் ஏ5 வீதியே பதுளை, பசறை, பிபிலை, மகா ஓயா கடந்து செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பினால் கல்குடாவும் பாசிக்குடாவும். கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் போனால் திருகோணமலை. காலையில் கோணேசர் தரிசனம், பிறகு கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், வெயில் தணிந்ததும் நிலாவெளி. பெரியவர்களுக்குக் கோயிலும் பிள்ளைகளுக்குக் கடலும் ஒரே நாளில் கிடைக்கும். புறாத்தீவுக்குப் படகில் போனால் பவளப்பாறைகளை மிதிக்காதீர்கள், உடைத்து வீட்டுக்கும் கொண்டுவராதீர்கள். அது தேசியப் பூங்கா. கண்டிப் பெரஹெர நாட்களில் கண்டிக்குள் நுழையும் நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள்.

5. ஒக்டோபர், நவம்பரில் கடல் பயணம் வேண்டாம். இடிமழை, தாழமுக்கம், மலையில் மண்சரிவு எல்லாம் அப்போதுதான். தீபாவளிச் செலவும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது.

6. சம்பள நாளுக்கு மறுநாளே போகாதீர்கள். கடைக் கணக்கைத் தீர்த்து, கையில் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு நாள் வையுங்கள். சிவனொளிபாத மலைப் பருவம் இல்லாத மாதங்களில், போயா சனி, திங்களோடு ஒட்டி வரும் வாரம் பார்த்தால் வேலைப் பேர் அதிகம் விடுபடாது.

7. விடியற்காலையில் புறப்படுங்கள். இரவில் றம்பொடை வளைவுகளில் இறங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. சாரதி முதல் நாள் இரவு தூங்கினாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வராமல் சின்ன கியரில் வரச் சொல்லுங்கள். மழைக்காலமானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

8. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். சுற்றிலும் அலை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் இழுவை. அகப்பட்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஒதுங்கி, பிறகு திரும்ப வேண்டும். கதிர்காமம் போகிறவர்கள் கிரிந்தையையும் பார்த்துவிட்டு வருவதுண்டு. பார்ப்பதோடு நிறுத்துங்கள், அந்தக் கடல் பொல்லாதது. தண்ணீர் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117: மூன்றையும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

9. மலைக்கும் கரைக்கும் பத்துப் பன்னிரண்டு பாகை வெப்ப வித்தியாசம் இருக்கிறது. பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நிழல். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், கிடைத்தால் தெம்பிலி. சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் ரொட்டியும் கட்டுங்கள். தேங்காய்ச் சம்பலைக் காலையிலேயே தீர்த்துவிடுங்கள், அந்த வெயிலில் மத்தியானம் தாங்காது.

10. வாழ்நாளில் ஒருமுறை தலைமன்னார். பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். குளிக்க அல்ல, பார்க்க. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை தனுஷ்கோடிக் கப்பல் அங்கேதான் வந்து நின்றது. அதற்கும் முன்னே படகில் மன்னார்க் கரையில் இறங்கிய நம்மவர்கள் காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள்; நோயிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். நம்மவர்கள் மலைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்தப் பாதையில்தான் வந்தது. கொழும்பு கோட்டையிலிருந்து ரயில் உண்டு. வீட்டில் வயதான அம்மாயி இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர் தம் பெரியவர்களிடம் கேட்ட கதைகளை அந்தக் கரையில் உட்கார்ந்து சொல்லட்டும். பிள்ளைகளின் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

11. சுவெட்டரும் கம்பளியும் பையின் அடியில் வேண்டாம், மேலே இருக்கட்டும். ஈரத்தலையோடு பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவார்கள். றம்பொடை ஏறும்போதே குளிர் பிடித்துவிடும்.