சிவகாசியில் நின்ற புரோகிராம்: ஒரு மெமரி பிழையைத் தேடிப் பிடித்த கதை

நன்றாக இயங்கிக் கொண்டிருந்த புரோகிராம் ஒன்று திடீரென மூடிக் கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? மீண்டும் திறக்கிறோம். மீண்டும் மூடிக் கொண்டால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்கிறோம். அதற்கும் சரியாகவில்லை என்றால் வைரஸ்தான் காரணம் என்று முடிவு கட்டி விடுகிறோம். நானும் இப்படித்தான் மூன்று நாட்களை வீணாக்கினேன். நான்காம் நாள்தான் உண்மையான பிழை கிடைத்தது. அது ஒரே ஒரு பைட் அளவுள்ள பிழை. அதனைச் செய்தவனும் நானே!

ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகம். ஆலைக்குள் அல்ல, ஊருக்குள் தனியாக இருக்கிறது. அங்குள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி, விருதுநகர், வெம்பக்கோட்டை என ஊருக்கு ஒன்றாக ஐந்து ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஊர்க் கடைகளுக்கான பில்களும் ஆர்டர் பட்டியல்களும் இருக்கும். தினமும் மாலையில் இவற்றை மதுரையில் உள்ள அலுவலகத்திற்கு அனுப்பிட, சி மொழியில் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்றரை ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஃபோல்டர்களின் பெயர்கள் அதுவரை ஆங்கிலத்தில் இருந்தன. அங்கு கணக்கு எழுதும் அக்கா அவற்றைத் தமிழில் மாற்றினார். அன்று மாலையே புரோகிராம் பாதியில் நின்றது. தீபாவளி ஆர்டர்கள் குவியும் நேரம் வேறு. "தமிழில் பெயர் வைத்ததால்தான் இப்படி" என்று எல்லோரும் அவரைக் குறை சொன்னார்கள். "பழையபடி இங்கிலீஷுக்கே மாத்திருங்கக்கா" என்று நானும் சொன்னேன். "மாத்துறேன் தம்பி. ஆனா நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

முதல் சந்தேகம்

முதல் இரண்டு ஃபோல்டர்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும். மூன்றாவதான சிவகாசியின் ஃபைல்கள் அனைத்தும் போன பிறகு, 'ஃப்ரீ: இன்வாலிட் பாயிண்டர்' என்று ஒரு மெசேஜ் வரும். அத்துடன் புரோகிராம் மூடிக் கொள்ளும். இன்டர்நெட் இணைப்பை மாற்றினேன். ராம் நினைவகத்தைச் சோதித்தேன். சிவகாசி ஃபோல்டரில் கெட்டுப் போன ஃபைல் உள்ளதா என ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல்

பின்னர், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். பட்டியலிலிருந்து சிவகாசியை நீக்கினேன். புரோகிராம் இப்போது விருதுநகரில் நின்றது! சிவகாசியைத் திரும்பச் சேர்த்துவிட்டு, சாத்தூரை நீக்கினேன். ஐந்தில் மீதி நான்கும் அழகாகப் போய்ச் சேர்ந்தன. சாத்தூரைத் திரும்பச் சேர்த்து, அதன் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றினேன். அப்போதும் எந்தச் சிக்கலும் இல்லை. ஆக, நிற்பது சிவகாசியில். காரணம் அதற்கு முன்னால் வரும் சாத்தூரில். அதுவும் அதன் தமிழ்ப் பெயரில்.

எழுத்து வேறு, பைட் வேறு

யூனிகோட் முறையில் 'சா' என்பது கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்தல்ல. 'ச' ஒரு குறியீடு, துணைக்கால் இன்னொரு குறியீடு. யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. நம் கண்ணுக்கு 4 எழுத்துகளாகத் தெரியும் சாத்தூரில் 8 குறியீடுகள் உள்ளன. எனவே 24 பைட். இதே கணக்கில் சிவகாசி 21 பைட், விருதுநகர் 30 பைட். ஏழாயிரம்பண்ணையும் வெம்பக்கோட்டையும் தலா 39 பைட்.

சி மொழியில் ஒரு பெயரை மெமரியில் வைக்கும்போது, அது முடிந்துவிட்டது என்று காட்டிட இறுதியில் பூஜ்யம் ஒன்றையும் எழுத வேண்டும். இதற்கும் ஒரு பைட் தேவை. அதாவது சாத்தூருக்கு 25 பைட் கேட்டிருக்க வேண்டும். நான் பெயரின் நீளத்தை மட்டும் எண்ணி 24 பைட் கேட்டிருந்தேன்.

அப்படியானால் மற்ற ஊர்கள் எப்படித் தப்பின? மெமரியை ஒரு வளவில் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட லைன் வீடுகள் என வைத்துக் கொள்ளுங்கள். நாம் கேட்ட அளவிலேயே வீடு கிடைக்காது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த 64 பிட் லினக்ஸில் 24, 40, 56 பைட் எனக் குறிப்பிட்ட அளவுகளில்தான் கிடைத்திடும். சிவகாசி 21 கேட்டது, 24 கிடைத்தது; பூஜ்யத்திற்கும் இடம் இருந்தது. விருதுநகர் 30 கேட்டது, 40 கிடைத்தது. ஏழாயிரம்பண்ணையும் வெம்பக்கோட்டையும் 39 கேட்டு 40 பெற்று, மயிரிழையில் தப்பின. சாத்தூர் 24 கேட்டது, சரியாக 24 கிடைத்தது. அதன் பூஜ்யம் அடுத்த வீட்டிற்குள் போய் விழுந்தது.

அடுத்த வீடு சிவகாசியின் பெயர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதன் அளவைக் குறித்த ஒரு பலகை உண்டு. சாத்தூரின் பூஜ்யம் சிவகாசி வாசலில் இருந்த அளவை அழித்துவிட்டது. அப்போது யாருக்கும் தெரியவில்லை. வேலை முடிந்து சிவகாசி வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், பலகையில் உள்ள அளவு தவறு என்று சிஸ்டம் கண்டு புரோகிராமை நிறுத்தியது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான்!

வால்கிரைண்ட் சொன்ன தீர்ப்பு

இந்த வகைப் பிழைகளைக் கண்டுபிடிக்க வால்கிரைண்ட் என்ற இலவச சாஃப்ட்வேர் உள்ளது. ஜூலியன் சீவர்ட் உருவாக்கியது. 2002 முதல் கிடைக்கிறது. நம் புரோகிராமை இதன் கண்காணிப்பில் இயக்கினால் 20, 30 மடங்கு மெதுவாக ஓடும். ஆனால் இப்படிக் கேட்டுப் பெற்ற இடத்தின் எல்லையை ஒரு பைட் தாண்டி எழுதினாலும், நிகழும் இடத்திலேயே பிடித்துவிடும். கம்பைல் செய்கையில் 'ஜி' ஆப்ஷனைச் சேர்த்தால் வரி எண்ணையும் காட்டிடும்.

இயக்கிப் பார்த்தேன். வந்த முதல் புகார் சாத்தூர் மீது அல்ல! 39 பைட் இடத்தைத் தாண்டி ஒரு பைட் எழுதப்பட்டுள்ளது என்றது. அதாவது ஏழாயிரம்பண்ணை. தப்பித்ததாக நான் நினைத்த ஊர்கள் உட்பட ஐந்து பெயர்களிலும் அதே பிழை இருந்தது. சாத்தூரில் மட்டும்தான் அது வெளியே தெரிந்தது. ஆங்கிலத்திலேயே 24 எழுத்துகள் கொண்ட ஒரு பெயரை வைத்திருந்தால், அன்றும் புரோகிராம் நின்றிருக்கும். நீளத்துடன் 1 கூட்டியதும் எல்லாம் சரியானது.

ஒரு பைட்தானே என்று நினைக்க வேண்டாம். ஃபைல்களை அனுப்பும் எஃப்டிபி முறையின் முதல் வரையறையை 1971ல் எழுதியவர், கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷன். அந்த முறையில் இயங்கிய டபிள்யூயூ-எஃப்டிபிடி என்னும் புகழ்பெற்ற சர்வர் புரோகிராமில், 2003ல் இதே போன்ற ஒரு பைட் பிழை கண்டறியப்பட்டது. ஃபோல்டர் பாதையின் நீளத்தைக் கணக்கிடுவதில் ஒன்று குறைந்திருந்தது. அதன் வழியாக வெளியாள் ஒருவர் சர்வரையே தன் கட்டுப்பாட்டில் கொண்டு வர முடியும் என்ற நிலை இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. புரோகிராம் நின்றால், அப்போது எந்த ஃபைல் போய்க் கொண்டிருந்தது, அதற்கு முன் எது போனது என்று இரண்டையும் குறித்து வையுங்கள்.

2. எர்ரர் மெசேஜை ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கொள்ளுங்கள், அல்லது படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

4. பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பிழை உள்ளேயே இருக்கிறது. புரோகிராமை உருவாக்கியவருக்குத் தெரிவியுங்கள். அப்டேட் வந்தால் உடனே பதிந்து கொள்ளுங்கள்.

மறுநாள் அந்த அலுவலகத்திற்குப் போய், "தப்பு உங்க மேல இல்லக்கா, நான் எழுதினதுலதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஃபோல்டர்களின் பெயர்கள் இன்றும் தமிழில்தான் இருக்கின்றன.