பிளாக்கின் உயரத்தில் தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத் தங்கள் விருப்பப்படி கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் போர், ஸ்ட்ரோக் என்ற இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிடத் தொடங்குகிறார்கள். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் தெரிந்தால் கொள்ளளவு தெரிந்துவிடும். ஆனால் எந்தக் கிராங்கை எந்தப் பிளாக்கில் போடலாம், அதற்கு எந்தப் பிஸ்டன் வேண்டும் என்று கேட்டால் அந்த இரண்டு எண்களிடம் பதில் இல்லை. பதில் பிளாக்கின் உயரத்தில் இருக்கிறது. கிராங்கின் மையத்திலிருந்து ஹெட் வந்து உட்காரும் மேல்தளம் வரை உள்ள தூரத்தைச் சொல்கிறேன். ஸ்ட்ரோக்கில் பாதி, கனெக்டிங் ராடின் நீளம், பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம் ஆகிய மூன்றும் அந்த ஒரே தூரத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றில் கழிக்க வேண்டும். எஞ்சின்களை ஒப்பிடுகிறவன் இந்தக் கணக்கில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஹோண்டா எஸ்2000 காரை எடுத்துக்கொள். 1999இல் அந்தக் காரோடு வந்த எஃப்20சி எஞ்சினின் போர் 87 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 84, ராடு 153, கொள்ளளவு 1,997 சிசி. 2004 மாடலில் அமெரிக்கச் சந்தைக்கு எஃப்22சி வந்தது. போர் அப்படியே இருந்தது. ஸ்ட்ரோக் 90.7 ஆகக் கூடியது, கொள்ளளவு 2,157 சிசி ஆனது, ராடு 149.65 ஆகக் குறைந்தது. ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார். 42உம் 153உம் சேர்ந்தால் 195. 45.35உம் 149.65உம் சேர்ந்தாலும் 195. ஸ்ட்ரோக்கில் கூடியதன் பாதி 3.35 மில்லிமீட்டர், ராடில் குறைந்ததும் அதே 3.35. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பின் பழைய இடத்திலேயே நிற்கும்படி அளவை வைத்திருக்கிறார்கள். வேலை அதோடு முடியவில்லை. அமெரிக்க எஃப்20சி-யின் அழுத்த விகிதம் 11.0, அப்படியென்றால் பிஸ்டனுக்கு மேலே ஒவ்வொரு சிலிண்டரிலும் மிஞ்சும் இடம் சுமார் 50 சிசி. அந்த இடத்தை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் நீட்டினால் விகிதம் 11.8 ஆக ஏறிவிடும். எஃப்22சி-யின் விகிதமோ 11.1தான். எங்கோ ஓரிடத்தில் சிலிண்டருக்கு மூன்றரை சிசி கூடுதல் இடம் விட்டிருக்கிறார்கள். கிராங்கையும் ராடையும் மட்டும் வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைப்பவருக்கு இந்த மூன்றரை சிசி கண்ணில் படாது. பெட்ரோல் தாங்காமல் எஞ்சின் தட்டத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

சுற்று வேகத்தைப் பார். 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழன்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். 90.7-ஐயும் அதே 9,000-க்கு ஓட்டினால் 27.2. தொழிற்சாலை அதற்குத் துணியவில்லை; எல்லையைச் சுமார் 8,200-க்கு இறக்கியது. அங்கே வேகம் 24.8, ஏறத்தாழ பழைய இடம். குதிரைத்திறன் 240 ஆகவே நின்றது, ஆனால் 8,300 சுற்றில் வந்தது 7,800-லேயே வந்துவிட்டது. முறுக்குவிசையும் கூடியது. கொள்ளளவைக் கூட்டியதன் பலன் உச்சத் திறனில் தெரியாமல் நடுச்சுற்றில் தெரிந்தது. தினமும் ஓட்டும் காருக்கு இது நல்ல பேரம் என்றே சொல்வேன்.

ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் வரும் விகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அது 1.7-க்குக் கீழே போனால் எஞ்சின் சுழலாது என்று பலர் சாதிப்பார்கள். குட்டையான ராடு பிஸ்டனைச் சிலிண்டர் சுவரில் கூடுதலாகச் சாய்த்து அழுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். 8,000 சுற்றில், பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில், அதன் முடுக்கம் எஃப்20சி-யில் புவியீர்ப்பைப் போல் சுமார் 3,830 மடங்கு, எஃப்22சி-யில் சுமார் 4,230 மடங்கு. கூடிய பத்து சதவீதத்தில் எட்டு நீண்ட ஸ்ட்ரோக்கால் வந்தது, விகிதம் மாறியதால் வந்தது இரண்டே. ஹோண்டாவின் பி18சி எஞ்சினையும் பார்: ஸ்ட்ரோக் 87.2, ராடு 137.9, விகிதம் 1.58. இன்டெக்ரா டைப் ஆர் காரில் அதே எஞ்சின் 8,400 சுற்று வரை போனது. எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. ஹோண்டாவின் பி16ஏ, பி16பி எஞ்சின்கள் இரண்டுக்கும் போர் 81, ஸ்ட்ரோக் 77.4. முன்னதன் பிளாக் சுமார் 204 மில்லிமீட்டர் உயரம், ராடு 134. பின்னதை ஹோண்டா 212 மில்லிமீட்டர் உயரப் பிளாக்கில் 142.4 ராடோடு கட்டியது, விகிதம் 1.84. பி16பி அதிகத் திறன் தந்தது. ஆனால் கேம், அழுத்த விகிதம், காற்று வழி எல்லாமே அதில் வேறு. அந்தப் பெருமையை ராடுக்கு மட்டும் எழுதி வைக்க முடியாது. போரும் ஸ்ட்ரோக்கும் மட்டும் உள்ள பட்டியலில் இந்த இரண்டும் ஒரே எஞ்சின். ஒன்றின் ராடு மற்றதில் ஏறாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, போரைப் பெரிதாக்கிவிட்டால் போதாதா என்று நீ கேட்கலாம். எஃப்20சி-யில் பக்கத்துச் சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே 94 மில்லிமீட்டர்தான். 87 போனால் மிஞ்சுவது 7. ஹெட் கேஸ்கெட் எரிவாயுவை அடைத்துப் பிடிக்க வேண்டிய இடமும் அந்த 7 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. சிலிண்டரின் உள்சுவரோ நார் கலந்த அலுமினியம், சாதாரண வார்ப்பிரும்பைப் போல் குடைந்துவிட முடியாது. ஒரு மில்லிமீட்டர் குடைந்தாலும் கொள்ளளவு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கூடும். ஸ்ட்ரோக் மாற்றம் கொடுத்ததோ எட்டு.

ஆகவே, தம்பி, ஒப்பீட்டுத் தாளில் பிளாக் உயரம், பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், சிலிண்டர் மையத் தூரம் என மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போடு. உன் கையில் இருக்கும் பிளாக்கை நீயே அளந்து அவற்றை நிரப்பு, ஏனென்றால் முன்பே ஒருவர் மேல்தளத்தைச் சீவியிருந்தால் புத்தகத்தில் உள்ள எண் அதற்குப் பொருந்தாது. அந்தக் கட்டங்கள் நிரம்பும் வரை கிராங்குக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்.