இல்லமே முதற்பள்ளி: முன்பருவக் குழந்தைகளும் விளையாட்டுக் கல்வியும்

பள்ளி வயதை எட்டாத குழந்தைக்குக் கல்வி தேவையா என்னும் வினா இன்று எழுவதில்லை. அக்கல்வி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதே வினா. மூன்று வயதுக் குழந்தை எழுத்துகளை எழுதத் தொடங்கினால்தான் கல்வி தொடங்கியது என்று நகரப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த அறிஞர்களோ விளையாட்டே அவ்வயதின் கல்வி என்கின்றனர். அதற்குரிய கருவிகளுள் பெரும்பாலானவை எளிய இல்லத்திலும் உள்ளன.

கொள்கை வளர்ந்த வகை

1975 அக்டோபர் 2ஆம் நாள், நாட்டின் 33 பகுதிகளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பெற்றது. கர்நாடகத்தின் டி. நரசிபுரம் அவற்றுள் ஒன்று. ஊட்டச்சத்து, தடுப்பூசி ஆகியவற்றோடு பள்ளி முன்பருவக் கல்வியும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி ஆறு வயதுக்குள் நிகழ்கிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சுட்டியது. 3 முதல் 8 வயது வரை உள்ள பருவத்தை அடித்தள நிலை என வகுத்தது. அதன் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் கஸ்தூரிரங்கன். அவர் தலைமையில் உருவாகி 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக் கலைத்திட்டம், 3 முதல் 6 வயது வரை பாடநூல் வேண்டுவதில்லை என்றது. பொம்மைகளும் புதிர்களும் கதைப் புத்தகங்களும் அடங்கிய 'ஜாதூயி பிட்டாரா' என்னும் தொகுப்பு 2023 பிப்ரவரியில் வெளியிடப்பெற்றது.

எண்ணறிவு

ஒன்று முதல் பத்து வரை ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு. பத்து வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் நான்கு கரண்டிகளைக் கேட்டால், கைக்கு வந்ததை அள்ளித் தருவதுண்டு. ஒரு பொருளுக்கு ஒரு சொல். இறுதியில் கூறிய சொல்லே மொத்த அளவு. இவ்விரு உண்மைகளும் கைப்பட்டே விளங்கும். உண்ணும் வேளையில் ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுதல் இதற்கு ஏற்ற பயிற்சியாகும். தமிழர் பல்லாங்குழி என்றும் கன்னடர் அளகுளி மணெ என்றும் வழங்கும் பலகையில் குழிக்கொரு புளியங்கொட்டை இடுதலும் அத்தகையதே.

பாத்திரங்களுக்கு உரிய மூடியைத் தேடுதல், டம்ளர்களை உயர வரிசையில் அடுக்குதல், துணிகளை நிறவாரியாகப் பிரித்தல் ஆகியவற்றால் ஒப்பிடும் திறனும் வகைப்படுத்தும் திறனும் வளரும். அகன்ற கிண்ணத்து நீரை ஒடுங்கிய குவளையில் ஊற்றினால் நீர் மிகுந்துவிட்டதென்று நான்கு வயதுக் குழந்தை கூறக்கூடும். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே விளக்கிய இந்நிலையைத் தவறெனக் கடிந்து திருத்த வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் ஊற்றிப் பார்க்க வாய்ப்பளித்தலே போதும்.

கையும் சொல்லும்

எழுதுகோலைப் பற்றுமுன் விரல்கள் வலுப்பெற வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைதல், பட்டாணி உரித்தல், கோலப்புள்ளிகளைச் சுண்ணக்கட்டியால் இணைத்தல் ஆகியவை எழுத்துக்கு முற்பட்ட பயிற்சிகள். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னபட்டணத்தின் அரக்கு வண்ண மரப்பொம்மைகள் புகழ்பெற்றவை. வாங்க இயலாதார் வருந்த வேண்டியதில்லை. வெறும் தீப்பெட்டிகளும் தேங்காய்ச் சிரட்டைகளும் அதே பணியைச் செய்யும்.

பெங்களூருவில் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கேட்டு வளரும் குழந்தைகள் பலர். பல மொழிகளால் குழந்தை குழம்பும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. தாய்மொழியில் கதை கேட்டு, 'பிறகு என்ன நடந்தது?' என்னும் வினாவுக்கு விடையளித்துப் பழகிய குழந்தைக்குப் பிறமொழியும் எளிதில் வசப்படும்.

நடைமுறை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலோ கட்டடப் பணியிலோ நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் தாய்க்குத் தனியே பாடம் நடத்த நேரமிராது. ஆகவே, சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் நிகழும் உரையாடலையே கல்வியாக்குதல் வேண்டும். தந்தையும் பாட்டியும் இதில் பங்கேற்றல் நலம். ஒன்றை நினைவிற்கொள்க: மூன்று வயதுக்குட்பட்டோரிடம் விதைகளையும் மணிகளையும் தருதல் கூடாது, அவை தொண்டையில் சிக்கும். நீர் விளையாட்டின்போது பெரியவர் ஒருவர் அருகிருத்தல் இன்றியமையாதது.

அங்கன்வாடியில் தாய்மார் கூடும் நாளில் எடையையும் ஊட்டச்சத்தையும் விளக்குவதோடு, இத்தகைய விளையாட்டு ஒன்றையும் செய்து காட்டலாம். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கும் உழைப்பாளி வீட்டுக் குழந்தைக்கும் இடையே முதல் வகுப்புக்கு முன்பே தோன்றும் இடைவெளியைக் குறைக்க, இதனினும் எளிய வழி அரிது.