நீதி கேட்டுக் கூட்டம் கூட்டும் இளம் அமைப்பாளருக்கு

நீதி கேட்டு ஓர் ஊரில் கூட்டப்படும் கூட்டத்தின் தரம் மறுநாள் காலையில்தான் தெரியவரும். முந்தைய இரவு எழுந்து நின்று ஆதரவு சொன்னவர் காலையில் வேலைக்கு எப்படிப் போவார், முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் வாடகையை யார் கொடுப்பார், கைதானால் ஜாமீனுக்கு யார் வருவார் என்ற கேள்விகளுக்கு அமைப்பாளரிடம் விடை இருந்தாக வேண்டும். அந்த விடைகளை ஓராண்டுக்கு மேல் தேடிக் கண்டுபிடித்த ஊர், அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமெரி. 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை, 381 நாள், அந்த ஊரின் கறுப்பின மக்கள் நகரப் பேருந்துகளில் ஏறவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரோடு உலகம் அறிந்த கதை இது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர் இதைப் பேச்சுகளின் வழியாகப் படிப்பதைவிட வண்டி, சாப்பாடு, வரவு செலவு ஆகியவற்றின் வழியாகப் படிப்பது பயன் தரும்.

பேருந்தில் முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றபடிதான் வர வேண்டும். முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, கீழே இறங்கிப் பின்வாசலுக்கு நடந்து போய் ஏறச் சொல்வதும் உண்டு. காசை வாங்கிக்கொண்டு, ஆள் பின்வாசலை எட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் பயணிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துணி துவைக்கவும் போன பெண்கள்.

ரோசா பார்க்ஸ் களைப்பில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார், ஊர் திடீரென்று பொங்கியெழுந்தது என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும். அதை நம்பும் அமைப்பாளர் தம் ஊரிலும் அப்படியொரு தருணம் தானாக வரும் என்று காத்திருப்பார். நடந்தது வேறு. பார்க்ஸ் கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் நகரக் கிளைக்குச் செயலாளராக இருந்தவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்பு டென்னசி மாநிலத்து ஹைலேண்டர் பள்ளியில் இயக்கப் பணிக்கான பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், தாம் தலைமையேற்றிருந்த பெண்கள் அரசியல் மன்றத்தின் சார்பில், நிலைமை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிக்க நேரும் என்று 1954 மே மாதமே மேயருக்கு எழுதியிருந்தார். திட்டம் கையில் இருந்தது. நாள் மட்டும் குறிக்கப்படவில்லை. 1955 டிசம்பர் 1, வியாழன் மாலை பார்க்ஸ் கைதானார். தூங்கும் பெட்டி ரயில் ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த ஈ.டி. நிக்சன் அவரை ஜாமீனில் எடுத்தார். அன்றிரவே ராபின்சன் ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, கல்லூரி இயந்திரத்தில் பல்லாயிரம் நோட்டீஸ்களை சைக்ளோஸ்டைல் எடுத்தார். தாள் மிச்சம் பிடிக்க ஒரு தாளில் மூன்று நோட்டீஸ். அரசுக் கல்லூரியின் இயந்திரம் என்பதால் வேலைக்கே உலை வைக்கக்கூடிய காரியம் அது. விடிந்ததும் அவை பள்ளிகளுக்கும் அழகு நிலையங்களுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. வாசகம் சுருக்கமானது: திங்கட்கிழமை ஒரு நாள் பேருந்தில் ஏறாதீர்கள்.

ஒரே ஒரு நாள் என்று கேட்டதில் சாமர்த்தியம் இருக்கிறது. ஒரு நாள் நடப்பது யாராலும் முடியும். அன்று பேருந்துகள் ஏறக்குறைய காலியாக ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், மாலையில் ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில், தொடரலாமா என்ற கேள்வி மக்கள் முன் வைக்கப்பட்டது. உழைப்பாளிகள் குடியிருந்த பகுதி அது, நடந்தே வந்துவிடலாம். உள்ளே இடம் கொள்ளாமல் வெளியே நின்ற ஆயிரக்கணக்கானோர் ஒலிபெருக்கி வழியே கேட்டார்கள். அன்று பிற்பகல்தான் மான்ட்கோமெரி முன்னேற்றச் சங்கம் உருவாகி, 26 வயது கிங் அதன் தலைவராகியிருந்தார். கோரிக்கைகள் வியப்பூட்டும் அளவுக்கு அடக்கமானவை: மரியாதையாக நடத்த வேண்டும், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி அமரட்டும், கறுப்பினத்தவர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும். பிரிவினையையே ஒழி என்று கேட்கவில்லையே என என்.ஏ.ஏ.சி.பி. தலைமை முகம் சுளித்தது. நகர நிர்வாகம் இதற்கும் இணங்கவில்லை. சிறு கோரிக்கையை மறுத்ததே பெரிய கோரிக்கைக்கு வழிவிட்டது. 1956 பிப்ரவரியில் தொடுத்த வழக்கு பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்தது.

இனி வண்டி. முதல் சில நாள் கறுப்பின டாக்ஸி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காவல்துறை தூசி தட்டி எடுத்ததும் அந்த வழி அடைபட்டது. 1953-இல் லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் நகரில் இதே போன்றதொரு புறக்கணிப்பு நடந்திருந்தது. அதை நடத்திய போதகர் டி.ஜே. ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் விவரம் கேட்டுக்கொண்டார். முன்னால் செய்தவரிடம் கூச்சமில்லாமல் கேட்பது இந்தத் தொழிலின் முதல் பழக்கம். சில நாட்களில் ஏறத்தாழ 300 சொந்தக் கார்கள் சேர்ந்தன. தெருக்களை மனப்பாடமாக அறிந்த அஞ்சல் ஊழியர்களின் உதவியோடு காலையில் ஏறும் இடங்களும் மாலையில் திரும்பும் இடங்களும் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. நகர மையத்தில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடம் நடுவண் நிலையமானது.

இந்த ஏற்பாட்டுக்கு இரவல் கொடுக்கப்பட்ட கார் சாதாரணப் பொருள் அல்ல. வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய காரை முன்பின் தெரியாதவர்கள் சேற்றுக் காலோடு ஏறி இறங்க விட்டவர்கள் ஆசிரியர்களும் வணிகர்களும். அந்த ஊரில் படித்த கறுப்பினத்தவருக்கும் வீட்டு வேலை செய்த கறுப்பினத்தவருக்கும் இடையே இருந்த தூரத்தைப் பிரசங்கங்களைவிடப் பின் இருக்கைகள்தான் அதிகம் குறைத்திருக்கும். நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஓட்டுநர்களுக்கு அபராதச் சீட்டுகள் குவிந்தன; 25 மைல் வேக எல்லையில் 30 மைல் போனார் என்று 1956 ஜனவரி 26 அன்று கிங்கே கைது செய்யப்பட்டார். தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கியபோது காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கின; கடைசியில் லண்டனின் லாயிட்ஸ் மூலம் காப்பீடு கிடைத்தது. வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்படும் என்று எதிர்பார்த்தே திட்டம் போட வேண்டும்.

வண்டிக்கு எரிபொருள் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். வெளியூர் நன்கொடைகள் பின்னர் வந்தன. தொடக்கத்தில் கைகொடுத்தவர்களில் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரருக்குத் தனியிடம் உண்டு. புறக்கணிப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஓர் ஓட்டுநரின் அவமதிப்பால் பேருந்தில் ஏறுவதை நிறுத்திவிட்டவர் அவர். தோழிகளிடம் சிறு தொகை திரட்டிக் கோழி வாங்கிப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துக் கூட்டங்களில் விற்றார். பிறகு சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை, கேக், முழுச் சாப்பாடு என்று வளர்ந்தது. அழகு நிலையங்களிலும் டாக்ஸி நிறுத்தங்களிலும் விற்பனை நடந்தது. குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் வராதோர் சங்கம்’. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று பொய் கலக்காமல் சொல்லிவிடலாம். சமைத்துக் கொடுத்த பெண்கள் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் அன்றே வேலை போகும். ரகசியமாகக் காசு கொடுத்த வெள்ளையர்களுக்கும் இதே மறைவு உதவியது. யார் யார் என்பது கில்மோருக்கு மட்டுமே தெரியும்.

இதை ஒரு நல்ல விதியாகவே கொள்ளலாம். ஊர் நிகழ்ச்சிகளில் நன்கொடையாளர் பெயரை மேடையில் வாசித்துத் துண்டு போர்த்துவது வழக்கம். ஆனால் பெயர் வெளிவந்தால் பாதிக்கப்படக்கூடியவர் உதவுவதற்குப் பெயரில்லாத வாசல் ஒன்றும் இருக்க வேண்டும். சமைப்பவர், ஓட்டுபவர், பெருக்குபவர் ஆகியோருக்குக் கூட்டத்தில் என்ன இடம் என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. கில்மோர் தம் வசூலைக் கூட்டத்தில் அறிவிக்கும்போது மக்கள் எழுந்து ஆரவாரித்தார்கள். ஊரின் இன்னொரு பகுதியில் ஐனெஸ் ரிக்ஸ் போட்டிக் குழு தொடங்கினார். இந்த வாரம் யார் அதிகம் கொண்டுவருவார் என்ற பந்தயமே கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது. புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 1956 மார்ச்சில் சாட்சி சொன்னதால் கில்மோருக்கு உணவகத்தில் இருந்த வேலை போனது. கிங்கின் உதவியோடு வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். அந்தச் சமையலறை இயக்கத்தின் ஆலோசனைக் கூடமாகவும் ஆனது.

பணம் சேர்ந்த இடத்தில் சந்தேகமும் சேரும். 1956 ஜூன் மாதம், முன்னேற்றச் சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவரே தலைவர்கள் நிதியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பத்திரிகைகளிடம் சொன்னார். கிங் விடுமுறையைப் பாதியில் விட்டுத் திரும்பினார். குற்றம் சாட்டியவர் பொதுக்கூட்டத்தில் அதைத் திரும்பப் பெற்றார். அவரை விரட்டியிருந்தால் சந்தேகம் ஊருக்குள் தங்கியிருக்கும். மக்கள் முன்னால் பேச வைத்தது புத்திசாலித்தனம். உண்டியல் குலுக்கிய கூட்டத்திலேயே செலவையும் வாசிப்பது எந்த ஊரிலும் பின்பற்றத்தக்கது.

கூட்டங்கள் வாரம் இருமுறை, திங்களும் வியாழனும், தேவாலயம் மாற்றித் தேவாலயமாக நடந்தன. எந்த ஒரு சபையும் இயக்கத்தைத் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாட முடியாமல் போனது. பாட்டு, ஜெபம், குழு அறிக்கைகள், பேச்சு, வசூல் என்ற ஒழுங்கு மாறவில்லை. மணிக்கணக்கில் முன்னதாகவே வந்து இடம் பிடித்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாள்கள் எதிர்முகாமின் கையில் இருந்த ஊரில் இந்தக் கூட்டங்களும் ஞாயிறு ஆராதனைகளும்தான் நம்பகமான செய்தித் தடம். 1956 ஜனவரியில் நகர நிர்வாகம் மூன்று போதகர்களைப் பிடித்து, உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாகச் செய்தி கொடுத்தது. மின்னியாபொலிஸ் பத்திரிகையாளர் கார்ல் ரோவன் சனிக்கிழமை இரவு தொலைபேசியில் கிங்கை விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றிரவே தலைவர்கள் இரவு விடுதிகளுக்குள் புகுந்து அது பொய் என்று சொன்னார்கள். காலையில் பிரசங்க மேடைகள் மிச்ச வேலையைச் செய்தன. தேவாலயத்துக்கு வருபவரை எட்ட ஒரு வழி, வராதவரை எட்ட வேறு வழி என இரண்டும் தயாராக இருந்ததால் ஞாயிறு தப்பியது.

சங்கம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி. வயது சிறியது, பின்னர் கர்ப்பமானார், வசதியில்லாத குடும்பம் என்ற காரணங்களால் தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை. ஆனால் 1956 பிப்ரவரியில் தொடுக்கப்பட்டு, பிரிவினையைச் சட்டப்படி வீழ்த்திய ‘பிரவுடர் எதிர் கேல்’ வழக்கில் பார்க்ஸ் மனுதாரர் இல்லை. கோல்வின் மனுதாரர்களில் ஒருவர், சாட்சியும் சொன்னார். முகத்துக்கு ஒருவர், உழைப்புக்கு வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை இன்றைய சுவரொட்டிகளிலும் நடக்கிறது. பார்க்ஸின் நிலையும் நன்றாக இல்லை. 1956 ஜனவரியில் பல்பொருள் அங்காடியில் இருந்த தையல் வேலையை இழந்தார். வெளியூர்களில் பேசி நிதி திரட்டிக் கொடுத்தவருக்குச் சங்கம் ஒரு சம்பள வேலை கொடுக்கவில்லை. 1957-இல் குடும்பத்தோடு டெட்ராய்டுக்குக் குடிபெயர்ந்தார். ராபின்சன் 1960-இல் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டிவந்தது. 300 கார்களை மணிக்கணக்குப் பார்த்து ஓட்டிய அமைப்பு, முதல் அடி எடுத்து வைத்த பெண்களின் செலவுக்கு வரவு செலவில் ஒரு வரி ஒதுக்கவில்லை. இளம் அமைப்பாளர் அந்த வரியை முதல் கூட்டத்துக்கு முன்பே எழுதிவிடலாம்.

வெளியிலிருந்து வருபவர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராபர்ட் கிரேட்ஸ் என்ற வெள்ளையின லூத்தரன் போதகர் காலை வேளைகளில் கார் ஓட்டினார்; அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அறவழிப் போராட்டத்தில் தேர்ந்த பேயர்ட் ரஸ்டின் 1956 பிப்ரவரியில் வந்து ஆலோசனை சொன்னார். தம் கடந்த காலத்தை எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற அச்சம் எழுந்ததும் ஊரைவிட்டு விலகித் தொலைவிலிருந்து உதவினார். இருவரும் மேடையின் நடுவே நிற்க முயலவில்லை.

1956 நவம்பர் 13 அன்று பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அன்றே மாநில நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்ற ஆணை ஊர் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை அக்கம்பக்கத்தவர் கார்களிலும் கால்நடையாகவும் சமாளித்தார்கள். அந்த இடைவெளியில் நடந்ததை நாடகக் கலைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. தேவாலயங்களில் நாற்காலிகளைப் பேருந்து போல வரிசைப்படுத்தி, ஒருவர் ஓட்டுநராகவும் சிலர் வெள்ளைப் பயணிகளாகவும் சிலர் கறுப்பினப் பயணிகளாகவும் நடித்தார்கள். வசை, தள்ளு, அடி எல்லாம் வரும். திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். வேடத்தில் ஊறிப்போய்க் கோபம் நிஜமாகிவிட்டவரை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் பார்வையாளர்கள் விவாதித்தார்கள். பின்னர் அச்சான அறிவுரைத் தாளில் வெற்றிக் கும்மாளம் வேண்டாம், முடிந்தால் துணைக்கு ஒருவரோடு ஏறுங்கள் என்பவை போன்ற குறிப்புகள் இருந்தன. 1957-இல் சமரசத் தோழமை அமைப்பு இந்தக் கதையைச் சித்திரக் கதைப் புத்தகமாக வெளியிட்டு மற்ற ஊர்களுக்கு அனுப்பியது.

டிசம்பர் 21 காலை மக்கள் பேருந்தில் ஏறினார்கள். ஒரு வாரத்துக்குள் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இரவுப் பேருந்துகள் சில காலம் நிறுத்தப்பட்டன. 1957 ஜனவரி 10 அன்று நான்கு தேவாலயங்களிலும் இரண்டு போதகர் இல்லங்களிலும் குண்டுகள் வெடித்தன. வெற்றிக்குப் பிந்தைய மாதத்துக்கும் ஆள், பணம், காவல் ஒதுக்கி வைப்பது அமைப்பாளரின் வேலையில் சேரும். அந்த ஊரின் வேலை பேருந்தோடு முடியவும் இல்லை. வெள்ளையருக்கான பூங்கா வழியாக நடந்த கில்மோரின் மகன் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, பூங்காப் பிரிவினையை எதிர்த்து 1958-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. நகர நிர்வாகம் பூங்காக்களைச் சேர்ந்து பயன்படுத்த விடுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இழுத்து மூடியது, 1965-இல்தான் திறந்தது. தனியார் பள்ளிகள் நகரப் பூங்காக்களைப் பயன்படுத்துவது பற்றிய சச்சரவாக நீண்டு, 1974-இல் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கின் பெயர் ‘கில்மோர் எதிர் மான்ட்கோமெரி நகரம்’.