அடர்ந்த எலும்பும் முறியும் எலும்பும்: பாலக்காட்டு எல்லைப்புறத்திற்கு ஒரு நல்கொண்டா பாடம்

எலும்பின் அடர்த்தி கூடினால் அதன் வலிமையும் கூடும் என்பது பொதுவான எண்ணம். எலும்புப்புரை நோயைப் பற்றிய நடைமுறைகள் பெரும்பாலும் இவ்வெண்ணத்தின் மீதே எழுந்துள்ளன. இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து 2.5 திட்ட விலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அது எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு இவ்வளவுகோல் பொருந்தும். ஆனால், குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த வட்டாரங்களில் இதை மட்டும் நம்பினால், ஆபத்தில் இருப்போரை நலமுடையோர் பட்டியலில் சேர்த்துவிட நேரும். கேரளத்தில் இவ்வினா முதன்மையாக எழக்கூடிய இடம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லை.

இதற்கான அடிப்படை ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. இந்தியாவில் ஃபுளோரைடு நச்சு நோயை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்கள் ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, நாயர் ஆகியோர். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1937இல் வெளிவந்தது. முதுகெலும்பு இறுகிக் குனியவும் நிமிரவும் இயலாத நிலையையே அவர்கள் கண்டனர். எலும்பு மிகையாகக் கெட்டிப்படும் நோய் என்றே இது நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது.

நல்கொண்டாவில் கண்டது

1973இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரியும், பின்னாளில் அதன் இயக்குநரான கமலா கிருஷ்ணசுவாமியும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டா மாவட்டத்தில், முழங்கால்கள் உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று முட்ட, பாதங்கள் அகன்று நிற்கும் இளைஞர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். எக்ஸ்ரே படங்கள் வியப்பளித்தன. ஒரே உடலில் முதுகெலும்பு கெட்டிப்பட்டிருந்தது. கை கால் எலும்புகளோ புரையோடிப் போயிருந்தன. கெட்டிப்படுதலும் புரையோடுதலும் எதிரெதிர் நோய்கள் அல்ல, ஒரே நஞ்சின் இரு முகங்களாக இருக்கக்கூடும் என்பதே இதனால் தெளிவாயிற்று.

உணவில் சுண்ணாம்புச்சத்து குறைவாக இருந்தால் ஃபுளோரைடின் கேடு பெருகுகிறது. இரத்தத்தில் சுண்ணாம்பு அளவு தாழாதிருக்க இணைக்கேடயச் சுரப்பி கூடுதலாக வேலை செய்து, எலும்பிலிருந்தே அதைக் கரைத்தெடுக்கிறது. நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்திற்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, மண்ணின் காரத்தன்மை மாறி, அங்கு விளைந்த சோளத்தில் மாலிப்டினம் மிகுந்ததும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். தமிழ்நாட்டில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டப் பகுதியிலும் இத்தகைய முழங்கால் வளைவு பதிவாகியிருக்கிறது. பாசனத் திட்டம் ஒன்றின் கணக்கில் எலும்பும் ஒரு செலவினமாக வரலாம் என்று அன்றைய திட்ட அறிக்கைகள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடர்த்தி ஏன் வலிமையாகாது?

எலும்பின் கனிமப் பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சில் அயனியும் சேர்ந்த படிகம். ஃபுளோரைடு அந்த ஹைட்ராக்சிலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பை உருவாக்கும் செல்களையும் அது தூண்டுகிறது. ஆகவே எலும்பின் அளவு பெருகுகிறது. ஆனால் புதிதாக உருவாகும் எலும்பின் அமைப்பு ஒழுங்கற்றதாகவும், கனிமம் சரிவரப் படியாததாகவும் உள்ளது.

இக்கருத்துக்கு அமெரிக்காவிலிருந்து வலுவான சான்று கிடைத்தது. ஃபுளோரைடையே எலும்புப்புரைக்கு மருந்தாக்கலாம் என்ற நம்பிக்கை அங்கு இருந்தது. மேயோ மருத்துவமனையில் லாரன்ஸ் ரிக்ஸ் குழுவினர், மாதவிடாய் நின்ற 202 பெண்களை இரு பிரிவாக்கி நான்காண்டு சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டனர். சோடியம் ஃபுளோரைடு பெற்றவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. முன்கை எலும்பிலோ 4 விழுக்காடு குறைந்தது. முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவுகள், முழுமையுறாத கீறல்கள் உட்பட, மருந்து பெற்ற பிரிவில் 72, மற்றதில் 24. அளவுகோல் வெற்றி என்று காட்டியது. நோயாளியின் எலும்போ முறிந்தது.

அது மருந்தளவு. குடிநீர் அளவில் என்ன நிகழும் என்பதைச் சீனாவில் ஆறு வட்டாரங்களில் நடந்த, 2001இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள இடத்தில் முறிவுகள் மிகக் குறைவு. 4 மில்லிகிராமுக்கு மேலும், 0.34க்குக் கீழும் அவை கூடுதலாக இருந்தன.

பாலக்காட்டின் நிலை

கணவாய் வழியே கோவைச் சமவெளியோடு இணையும் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊராட்சிகளில் தமிழ் பேசும் வேளாண் குடும்பங்கள் பல. கேரளத்தின் பிற பகுதிகளைவிட இங்கு மழை குறைவு. கடும்பாறைக்குள் இறங்கிய ஆழ்துளைக் கிணறுகளே பலருக்கு ஆதாரம். பாறையிலுள்ள ஹார்ன்பிளண்டு, பயோடைட்டு, அப்படைட்டு ஆகிய கனிமங்கள் நீண்டகாலம் நீரோடு கலந்திருக்கையில் ஃபுளோரைடு கரைந்து வருகிறது. இந்தியத் தர அமைவனம் விரும்பத்தக்க வரம்பாக 1 மில்லிகிராமையும், வேறு நீர் இல்லாதபோது உச்சவரம்பாக 1.5 மில்லிகிராமையும் வகுத்துள்ளது. கிழக்குப் பாலக்காட்டின் சில நிலத்தடி நீர் மாதிரிகள் இந்த உச்சவரம்பைத் தாண்டியுள்ளன.

கேரள வீடுகளில் சீரகமோ பதிமுகமோ இட்டுக் காய்ச்சிய நீரைக் குடிப்பது நல்ல பழக்கம். கிருமிகளை அது அழிக்கும், ஃபுளோரைடை நீக்காது. ஆவியாகும் அளவுக்கு எஞ்சிய நீரில் அது சற்றுச் செறிவடையவே செய்யும்.

இதே மலைத்தொடரில் தெற்கே உள்ள இடுக்கியில் கனமழை பெய்யும் பகுதிகளின் நிலை வேறு. அங்கே சரிவுகளில் வழுக்கி விழுதல், முதுமை, சுண்ணாம்புச்சத்துக் குறைவு ஆகியவையே முதலில் கவனிக்கத்தக்கவை. மறையூர், சின்னாறு போன்ற மழைமறைவுப் பகுதிகளை மட்டும் இக்கணிப்பில் சேர்க்காமல் நீரைச் சோதித்தே முடிவு செய்தல் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். இது மாநிலங்களிடையே மிக உயர்ந்த விகிதம். ஆகவே இடுப்பெலும்பு முறிவு எளிதில் புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று.

முறிவு அபாயத்தைக் கணிக்க ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழுவினர் 2008இல் உருவாக்கிய ஃபிராக்ஸ் முறை, வயது, எடை, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கேட்கிறது. இந்தியாவுக்கான கணிப்பும் அதில் உண்டு. குடிநீரைப் பற்றிய வினா அதில் இல்லை. ஆகையால் சித்தூர் வட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் முறிவுடன் வரும் முதியவரிடம், எந்தக் கிணற்று நீரை எத்தனை ஆண்டுகள் குடித்தார் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவதும், ஐயமிருந்தால் சிறுநீரில் ஃபுளோரைடு அளவைச் சோதிப்பதும் அடர்த்திப் படத்திற்கு ஈடான பயனுடையவை.

நீரைப் பொறுத்தவரை, நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வகுத்த நல்கொண்டா முறை படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடைப் படியவைக்கும். ஆனால் நாள்தோறும் அளவறிந்து சேர்க்க ஆளும், கசடைக் கழிக்க இடமும் வேண்டும். ஆற்றுநீரைக் குழாயில் கொணர்வதே நிலையான வழி. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பள்ளத்தாக்கிற்குக் கிடைக்க வேண்டும். வறட்சிக் கோடையில் ஆறு வற்றும்போது மக்கள் மீண்டும் பழைய ஆழ்துளைக் கிணறுகளையே நாடுகின்றனர். மழைக்காலத்தில் எடுத்த மாதிரி இக்கிணறுகளைப் பற்றி அதிகம் சொல்லாது. ஏப்ரல், மே மாதங்களில் எடுத்த மாதிரியே பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.