துணி அலமாரியின் வாடை: காரணமும் காப்பும்

படுக்கையறை அலமாரியைத் திறந்தவுடன் எழும் மக்கிய வாடையை நாம் பெரும்பாலும் ஒரு சிறு தொல்லையாகவே எண்ணிவிடுகிறோம். நான்கு அந்துருண்டைகளைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் காரியம் முடிந்தது என்பது பொது வழக்கம். ஆனால் அவ்வாடை, உள்ளே துணி கெடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாகும். பல நாள் தறியில் அமர்ந்து நெய்த சேலை, உடுத்தப்படாமலே பெட்டிக்குள் வலுவிழக்கிறது. ஆகவே இதன் காரணத்தைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வாடை பிறக்கும் விதம்

பருத்தியும் பட்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது, முற்றும் உலர்ந்த 100 கிலோ பருத்தி சுமார் 8½ கிலோ நீரையும், அதே அளவு பட்டு சுமார் 11 கிலோ நீரையும் ஏற்கும் என்பது நெசவுத் தொழிலில் வழங்கும் கணக்கு. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் 10 கிலோ பருத்தித் துணியிலும் முக்கால் கிலோ அளவு நீர் இருக்கிறது என்பது இதனால் விளங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது மேலும் ஏறுகிறது. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நிலைத்தால் பூஞ்சணம் வளர்கிறது. அது வெளியிடும் ஆவியே நாம் நுகரும் மக்கல் வாடை.

வியர்வையும், எண்ணெய்ப் பிசுக்கும், கஞ்சியும் பூஞ்சணத்திற்கு உணவாகின்றன. கஞ்சியை நாடி இராமபாணப் பூச்சியும், பட்டையும் கம்பளியையும் நாடி அந்துப்பூச்சியின் புழுவும் வருகின்றன. எனவே ஈரம், அழுக்கு, காற்றோட்டமின்மை ஆகிய மூன்றையும் நீக்க வேண்டும். நறுமணப் பொருள் வாடையை மறைக்குமேயன்றிப் போக்காது.

விதைநெல் தரும் பாடம்

விதைநெல்லை 13 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரத்துடன் சேமித்தல் ஆகாது என்பதை நம் உழவர்கள் அறிவார்கள். காயாத நெல்லைக் குதிரில் கொட்டிவிட்டு மேலே வாசனைப் பொருள் தூவுவார் எவரும் இலர். துணிக்கும் அதே முறைதான்.

ஒருமுறை உடுத்திய துணியைத் துவைக்காமல் உள்ளே வைத்தல் கூடாது. நெடுநாள் வைக்கும் பருத்தித் துணிக்குக் கஞ்சி போடாதிருத்தல் நன்று. வெயிலில் உலர்த்திய துணியையும் இஸ்திரி போட்ட துணியையும் சூடு ஆறும்வரை வெளியில் வைத்திருந்து, பின்னரே மடித்து அடுக்க வேண்டும். அலமாரி சுவரை ஒட்டி நிற்கலாகாது. ஒரு சாண் இடைவெளி இருந்தால் பின்புறம் காற்று உலாவும். மழை ஊறும் வெளிச்சுவரில் பதித்த அலமாரியாயின் முதலில் அச்சுவரின் கசிவை அடைத்தல் வேண்டும். மழையற்ற நாட்களில் வாரம் ஒருமுறை கதவை இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம்.

பூஞ்சணம் பிடித்த துணியை வீட்டிற்கு வெளியே உதறித் துவைத்து வெயிலில் உலர்த்துக. அலமாரியின் தட்டுகளைச் சவுக்கார நீரால் துடைத்து, நன்கு காய்ந்தபின் துணியை மீண்டும் அடுக்குக. அடுப்புக்கரித் துண்டுகளை ஒரு துணிப்பையிலிட்டு மூலையில் வைத்தால், எஞ்சிய வாடையை அது ஓரளவு ஈர்த்துக்கொள்ளும். வேப்பிலை வைப்போர் சருகாகக் காய்ந்ததையே வைக்க வேண்டும். பச்சை இலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கில் விளையும் வெட்டிவேர் நல்ல மணம் தரும். ஆயினும் அது துப்புரவான அலமாரிக்கு அணியாகுமேயன்றி, துப்புரவுக்கு ஈடாகாது.

அந்துருண்டை பற்றிய எச்சரிக்கை

அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலின் என்னும் பொருளால் ஆனது. அதன் ஆவி இறுக மூடிய பெட்டியில்தான் பூச்சியைக் கொல்லும் அளவுக்குத் தேங்கும். கதவு இடுக்குள்ள அலமாரியில் அது கசிந்து, நாம் உறங்கும் அறையில் பரவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்னும் வரிசையில் 2002-ஆம் ஆண்டு இதனைச் சேர்த்தது.

பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் தீங்கு இன்னும் கடியது. ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் சிலர் உண்டு. நாப்தலின் ஊறிய துணியில் கிடத்தினால் அவர்களது இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை உண்டாகலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். குறை இருப்பது வெளித்தோற்றத்தில் தெரியாது. தூளி கட்டுவதற்குப் பெட்டியின் அடியிலுள்ள பழைய நூற்சேலையைத் தேடி எடுப்பது நம் வீடுகளின் வழக்கம். ஆகையால் தூளிச் சேலையும் குழந்தைத் துணியும் அந்துருண்டை அறியாத தனிப்பையில் இருக்கட்டும். மிட்டாய் என்று எண்ணிச் சிறுவர் விழுங்கும் அபாயமும் உண்டு. குழந்தை உள்ள வீட்டில் உருண்டையை அறவே தவிர்ப்பதே நலம்.

பட்டும் சரிகையும்

பட்டுச் சேலையை நிழலில் காற்றாட விட்டு, துவைத்துக் கஞ்சி நீக்கிய வெள்ளை மல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை உள்ளிருக்கும் ஈரத்தை வெளிவிடாது. செய்தித்தாளின் மை துணியில் ஒட்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிடில் மடித்த இடத்திலேயே இழை இற்றுப்போகும். சரிகையிலுள்ள வெள்ளி, காற்றில் கலந்த கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். வாசனைத் தைலம் அதன்மீது நேரே படலாகாது.

சங்கக் கிடங்குக்கும் விற்பனை நிலையத்திற்கும் இவ்விதிகளே பொருந்தும். மக்கல் வாடை வீசும் சேலையை விரித்துக் காட்டினால் வாங்க வந்தவர் மனம் மாறுவார். நெய்தவரின் உழைப்பு தள்ளுபடி விலைக்குப் போகும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நம் வீட்டு அலமாரி நிற்கும் சுவர் மழைக்காலத்தில் ஊறுகிறதா?
2. குழந்தைத் துணி எப்பெட்டியில் இருக்கிறது?
3. சங்கக் கிடங்கின் சரக்கு தரைமீது உள்ளதா, பலகைமீது உள்ளதா? கடைசியாக அது எப்போது பிரித்துக் காற்றாட விடப்பட்டது?

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் இவற்றுக்கு விடை கண்டு, ஐப்பசி பிறக்குமுன் ஆவன செய்வோமாக.